அப்பா கேட்ட கிராவல் ஸ்பேஸ்

போன வருஷம் மார்ச் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல அப்பாகிட்ட விஷயத்தை சொன்னேன். வீட்டுக்குப் பின்னாடி ஒரு ரூம் இழுக்கறோம்ப்பா, நீங்களும் அம்மாவும் வந்தா மாடி ஏறி எறங்க வேண்டாம், கீழயே பாத்ரூமோட ஒரு பெட்ரூம்னு. அம்மா உடனே கண்ணு கலங்கிட்டாங்க. அப்பா அதுக்கெல்லாம் அசர ஆள் இல்ல, "பேஸ்மட்டம் எவ்ளோ உசரம்டா?"ன்னாரு.

அவருக்கு வீடுன்னா மொத கேள்வி அதான். 1994-ல மன்னார்குடில வீடு கட்டினப்போ தெருவை விட மூணடி ஒசத்தி பேஸ்மட்டம் போட்டு, உள்ள லோடு லோடா கிராவல் கொட்டி, தண்ணி விட்டு, திம்ஸ் போட்டு இடிச்சு, அதுமேல தளம் போட்டாரு. 30 வருஷமா எந்த மழைக்கும் வீட்டுக்குள்ள தண்ணி வரல, அதை எல்லார் கல்யாணத்துலயும் சொல்லிடுவாரு. நான், "இங்க பேஸ்மட்டம்லாம் கெடையாதுப்பா, கிரால் ஸ்பேஸ்"னு சொன்னேன். லைன் வேற விட்டு விட்டு வந்துச்சு. "ஆங், கிராவலா? எத்தனை லோடு புடிக்கும்?"னாரு. நானும் என் பொண்டாட்டியும் சிரிச்சு முடிக்கவே ரெண்டு நிமிஷம் ஆச்சு, அப்புறம்தான் விளக்கினேன். கிராவல் கொட்டறது இல்லப்பா, அந்த எடத்தை காலியாவே விட்டுடுவாங்க, மனுஷன் தவழ்ந்து போற ஒசரத்துக்கு. அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "வீட்டுக்கு அடில எதுக்குடா காலியா விடறாங்க, பாம்பு பூரவா?"ன்னாரு.

பாம்பு விஷயத்துல அவர் சொன்னது சரிதான்னு பின்னாடி தெரிஞ்சுது. அதுக்கு வரேன்.

ஊர்ல இருந்து படிக்கறவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். நாங்க இருக்கறது நார்த் கரோலைனா, ராலே பக்கத்துல ஒரு டவுன். இந்தப் பக்கம் மரவீடுதான், தரைக்கும் வீட்டோட மரத் தளத்துக்கும் நடுவுல ரெண்டடியோ நாலடியோ இடைவெளி விட்டு சுத்தி கான்கிரீட் பிளாக்லயோ செங்கல்லயோ செவுரு எழுப்பியிருப்பாங்க. அந்த இடைவெளிதான் கிரால் ஸ்பேஸ். பைப்பு, ஏசி டக்ட்டு, ஒயரு எல்லாம் அதுக்குள்ளதான் ஓடும். வடக்க சிகாகோ பக்கம்லாம் குளிர்ல மண்ணு ஆழமா உறையும், அதனால அஸ்திவாரத்தை மூணு நாலு அடி கீழ எறக்கியே ஆகணும், அவ்ளோ தோண்டினவன் இன்னும் கொஞ்சம் தோண்டி பூமிக்கு அடில ஒரு தளமா பேஸ்மென்ட்டே கட்டிடறான். இங்க 12 இன்ச் ஆழம் போனா போதும். அதோட செம்மண் களி, மேடும் பள்ளமுமா நெலம், சரிவுல ஸ்லாப் போட மண்ணடிக்கணும், அதுக்கு பதிலா செவுரை ஏத்த எறக்கி கட்டிட்டு மேல மட்டமா தளம் போட்டுடலாம். எங்க வீட்டுல முன்பக்கம் ரெண்டடி, பின்பக்கம் அஞ்சடி.

இப்போ பெர்மிட் கதை. மொத வந்து கொட்டேஷன் குடுத்த கான்ட்ராக்டர் (பேரு வேண்டாம், நல்லா பேசுவாரு) பெர்மிட்டே தேவையில்லன்னு அடிச்சு சொன்னாரு. இந்த ஸ்டேட்ல 40,000 டாலருக்குள்ள வேலைன்னா பெர்மிட் வேணாம்னு சட்டமே இருக்கு, நான் பில்லை ரெண்டா பிரிச்சு போட்டுடறேன், அடில கிரால் ஸ்பேஸ்தானே, அதுக்குள்ள எவன் வந்து எட்டிப்பாக்கப்போறான்னாரு. கேக்க நல்லா இருந்துச்சு, நானும் ஒரு வாரம் அந்த சந்தோஷத்துல இருந்தேன். அப்புறம் சட்டத்தை எடுத்து படிச்சா, ஆமா 40,000 டாலர்னு ஒரு வரி இருக்கு, அதுக்கு அடுத்த வரிலயே வீட்டோட பாரம் தாங்கற எதுலயாவது கை வெச்சாலோ, பிளம்பிங், எலக்ட்ரிகல், ஏசி புதுசா போட்டாலோ இது பொருந்தாதுன்னு இருக்கு. அஸ்திவாரத்தை விட பாரம் தாங்கற வேற எது இருக்கு? நம்மூர்லயும் இந்த மாதிரி பாதி சட்டம் தெரிஞ்சவங்க நிறைய பேர் உண்டு, அந்த பாதி எப்பவும் அவங்களுக்கு வசதியான பாதியாத்தான் இருக்கும்.

இன்னொரு ஃப்ரெண்டு அதை விட ஒரு படி மேல. பின்பக்கம்தான் அஞ்சடி இருக்கே, இன்னும் ரெண்டரை அடி தோண்டிட்டா கீழயும் ஒரு ரூம் கெடைக்குமே மச்சின்னான். பில்டிங் கோட்ல, அதாவது கட்டட விதில, மனுஷன் பொழங்கற ரூமுக்கு கூரை ஒசரம் குறைஞ்சது 7 அடி வேணும், படுக்கற ரூம்னா தீப்புடிச்சா வெளில குதிக்கற மாதிரி ஜன்னல் வேணும். அதுக்கும் மேல, மேல்தளம் சுத்தியிருக்கற தரைலேந்து ஆறடிக்கு மேல போச்சுன்னா கீழ இருக்கறதையே ஒரு மாடியா கணக்குல சேத்துப்பாங்க. ஒரு மாடி வீடு பேப்பர்ல ரெண்டு மாடி ஆயிடும். நான் பெரிய கும்புடா போட்டுட்டேன்.

ரெண்டாவதா பாத்த கான்ட்ராக்டர்தான் வேலை செஞ்சாரு. அதிகம் பேச மாட்டாரு. மொத நாள் வந்து நெலத்தை சுத்திப் பாத்துட்டு, "உன்கிட்ட சர்வே இருக்கா? சோனிங்ல கேட்டியா?"ன்னு ரெண்டே கேள்விதான் கேட்டாரு.

எனக்கு அதுவரைக்கும் சோனிங்கும் பில்டிங் பெர்மிட்டும் ஒண்ணுன்னுதான் நெனப்பு. வேற வேற. சோனிங் கேக்கறது எங்க கட்டற, எவ்ளோ பெருசு, பக்கத்து வீட்டுக்காரன் வேலிலேந்து எத்தனை அடி தள்ளின்னு. பில்டிங் கோட் கேக்கறது எப்படி கட்டற, எத்தனை ஆணி, எந்த மரம்னு. கோட் மாநிலம் முழுக்க, 100 கவுன்ட்டிக்கும் ஒண்ணுதான், ஐஆர்சின்னு ஒரு தேசிய மாதிரி கோட் இருக்கு அதை எடுத்து நார்த் கரோலைனாக்காரங்க தங்களுக்கு ஏத்த மாதிரி திருத்தி வெச்சிருக்காங்க. சோனிங் அப்படி இல்ல, டவுனுக்கு டவுன் மாறும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கறவனுக்கு ஒரு ரூல் உங்களுக்கு ஒரு ரூல். இந்த அதிகாரம் டவுனுக்கு உண்டுன்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொன்னது 1926-ல, ஒஹாயோல கிளீவ்லேண்டு பக்கத்துல இருக்கற யூக்லிட்ங்கற கிராமத்து கேஸ்ல. அந்த கிராமத்துக்கு பேரு வெச்சதும் நெலம் அளக்க வந்த சர்வேயருங்கதான், ஜியாமெட்ரி எழுதின அந்த கிரேக்கர் பேரையே வெச்சுட்டாங்க. எட்டாம் கிளாஸ்ல என்னை படுத்தினது பத்தாதுன்னு நாப்பது வயசுலயும் ஸ்கேலும் பென்சிலுமா என்னை உக்கார வெச்சுட்டாரு அந்த ஆளு.

ஏன்னா உக்காந்து கோடு போட்டாதான் தெரியுது. எங்க டவுன்ல பின் எல்லைலேந்து 25 அடி விடணும், அதுக்கு பேரு செட்பேக். என் வீட்டுப் பின் செவுத்துலேந்து எல்லைக்கு 45 அடி. அப்போ 20 அடி நீட்டலாம்னு சந்தோஷமா 18-க்கு 20-ன்னு ரூம் வரைஞ்சு எடுத்துட்டுப் போனேன். கவுன்ட்டர்ல இருந்த அம்மா, ரொம்ப தன்மையா பேசினாங்க, கம்ப்யூட்டர்ல மேப்பை தொறந்து, "உங்க வீட்டுக்குப் பின்னாடி ஓடை இருக்கு தெரியுமில்ல?"ன்னாங்க. தெரியும், ஓடைன்னு சொல்றதுக்கே வெக்கமா இருக்கும், மழை பேஞ்சா முழங்கால் தண்ணி போகும், மத்த நாள்ல மான் தான் வந்து நிக்கும். அவங்க அதுலேந்து ஒரு பச்சைக் கோடு போட்டாங்க. ஓடைக் கரையோட மேல் விளிம்புலேந்து 50 அடி. என் ரூமோட வடகிழக்கு மூலை அந்தக் கோட்டுக்குள்ள ரெண்டடி போயிருந்துச்சு.

இது டவுன் ரூல் மாதிரி தெரிஞ்சாலும் ஆரம்பம் அங்க இல்ல. அந்த ஓடை போய் சேர்றது நூஸ் ஆறு. 1995-ல அந்த ஆத்து முகத்துவாரத்துல மீனெல்லாம் லட்சக்கணக்குல செத்து மெதந்துச்சு. வயல் உரம், பன்னிப் பண்ணை, ஊர்ச் சாக்கடை, புல்தரை உரம்னு எல்லாத்துலேந்தும் நைட்ரஜன் ஆத்துல எறங்கி பாசி புடிச்சு தண்ணில ஆக்ஸிஜனே இல்லாம போனது ஒரு பெரிய காரணம். அதுக்கப்புறம் 1997-ல கொண்டு வந்த ரூல்தான் இந்த 50 அடி. கரைலேந்து மொத 30 அடில மரத்தையே தொடக்கூடாது, அடுத்த 20 அடில செடி கொடி புல்லு இருக்கலாம் ஆனா கட்டடம் கூடாது. மேல்மண்ணுல ஓடற தண்ணியை வேரு புடிச்சு வடிகட்டிட்டு விடட்டும்னு. என் வீட்டுலேந்து அந்த முகத்துவாரம் ரெண்டு ரெண்டரை மணி நேர டிரைவ். அங்க செத்த மீனுக்கு இங்க என் பெட்ரூம் மூலை ரெண்டடி குறையுது. மொத ரெண்டு நாள் எரிச்சலாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. அப்புறம் யோசிச்சா மன்னார்குடில பாமணி ஆத்துக் கரைய ஒட்டி எத்தனை வீடு எப்படி எப்படி ஏறி நிக்குதுன்னு எனக்கே தெரியும், அதைப் பத்தி நானே எத்தனை தடவை மூக்கால அழுதிருக்கேன். ரூமை 18-க்கு 16-ன்னு குறைச்சேன்.

தார், சிமென்ட், கூரைன்னு தண்ணி எறங்காத பரப்பு மனைல இவ்ளோதான் இருக்கலாம்னு ஒரு கணக்கு வேற உண்டு. பின்னாடி ஏற்கனவே இருந்த கான்கிரீட் பேட்டியோவை உடைச்சு பாதி எடத்தை அதுக்குள்ளயே அடக்கினதால தப்பிச்சோம். ஹெச்ஓஏ, அதான் காலனி சங்கம், தனியா ஒரு ஃபாரம். அஸ்திவாரச் செவுத்து வெளிப்பக்க செங்கல் நெறம் பழைய செங்கலோட ஒத்துப்போகணும், அது மட்டும்தான் அவங்க கவலை. டவுன் ஓகே சொன்னா ஹெச்ஓஏ ஓகேன்னு அர்த்தம் இல்ல, ஹெச்ஓஏ ஓகே சொன்னா டவுன் ஓகேன்னும் அர்த்தம் இல்ல, ரெண்டுக்கும் தனித்தனியா காத்து கெடக்கணும்.

சோனிங் கையெழுத்து வந்ததும் பிளானை பெர்மிட்டுக்கு அப்லோட் பண்ணோம். 12 நாள் கழிச்சு கமென்ட்ஸ் வந்துச்சு, எட்டு கமென்ட், ஏழு சாதாரணம். எட்டாவது என்னை உலுக்கிருச்சு. "புதிய கட்டடத்தால் மறைக்கப்படும் மூன்று காற்றுத் துளைகளுக்கு மாற்று என்ன?"ங்கற மாதிரி ஒரு வரி.

பழைய வீட்டு அஸ்திவாரச் செவுத்துல சுத்தி 12 வெண்ட் இருக்கு, 8-க்கு 16 இன்ச் சைஸ்ல கம்பி வலை போட்ட சின்ன ஜன்னல். 11 வருஷமா இருக்கேன், ஒருநாள் கூட எண்ணினதில்ல. பின்பக்கச் செவுத்துல மூணு. புது ரூமை அந்தச் செவுத்தோட ஒட்டிக் கட்டினா மூணும் அடைபட்டுப் போகும். கோட் சொல்றது, கிரால் ஸ்பேஸோட 150 சதுர அடிக்கு ஒரு சதுர அடி காத்து வழி வேணும். எனக்கு 1200 சதுர அடி, அப்போ 8 சதுர அடி, அதாவது 1152 சதுர இன்ச். வலையும் சட்டமும் போக ஒரு வெண்ட்ல காத்து போற எடம் 50 சதுர இன்ச்தான். பன்னெண்டையும் சேத்தாலே 600. அப்போ இந்த வீடு கட்டின நாள்லேந்தே தப்பா? ராத்திரி பதினோரு மணிக்கு கால்குலேட்டரோட உக்காந்துட்டு என் வீடே சட்டவிரோதம்னு நெனச்சு வேர்த்துப் போச்சு.

விஷயம் என்னன்னா அடுத்த வரில ஒரு சலுகை இருக்கு. உள்ள மண்ணுத்தரை முழுக்க பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு மூடிட்டா 150-க்கு பதிலா 1500 சதுர அடிக்கு ஒரு சதுர அடி போதும். பத்துல ஒரு பங்கு. 115 சதுர இன்ச். மூணு வெண்ட் போனாலும் மீதி ஒம்போது, 450, தாராளம். அப்போ என் வீடு சட்டப்படி நிக்கறது அந்த பிளாஸ்டிக் மேல. அந்த பிளாஸ்டிக் எப்படி இருக்குன்னு போய் பாத்து போட்டோ அனுப்புன்னு கான்ட்ராக்டர் சொன்னாரு. தானே போவாருன்னு எதிர்பாத்தேன். போகல.

கிரால் ஸ்பேஸ் கதவு எங்க வீட்டுல 16-க்கு 24 இன்ச், செவுத்துல இருக்கற கதவுக்கு கோட்ல சொல்ற குறைஞ்ச அளவே அதான். கோட் எழுதினவங்க என் தொப்பையை கணக்குல எடுத்துக்கல. ஹெட்லைட் மாட்டிட்டு, என் பொண்டாட்டியோட பழைய மழை கோட்டை போட்டுட்டு, தலையை விட்டு, தோளை ஒருக்களிச்சு, அப்புறம் இடுப்பு. உள்ள போனதும் மொத தெரியறது வாசனை, ஊற வெச்ச கோணிச் சாக்கு வாசனை. மேல தளத்தைத் தாங்கற மரச் சட்டங்களுக்கு நடுவுல சொருகியிருந்த மஞ்சள் இன்சுலேஷன் அங்கங்க நனைஞ்சு கனம் தாங்காம தொங்குது, சிலது கீழயே விழுந்து கெடக்குது. ஏசி டக்ட்டு மேல முத்து முத்தா தண்ணி. தரைல பிளாஸ்டிக் இருக்கு, ஆனா எப்பவோ வந்த பிளம்பரும் கேபிள்காரரும் ஊர்ந்து ஊர்ந்து அதை நார் நாரா கிழிச்சு வெச்சிருக்காங்க. முதுகு வளைஞ்ச ஒருவகை பாச்சை, இங்க கேமல் கிரிக்கெட்னு சொல்வாங்க, லைட் பட்டதும் ஓடாம நேரா நம்ம மேல குதிக்கும். நடு தூண்கிட்ட ஒரு பாம்புச் சட்டை. நாலடி நீளம், முழுசா, கண்ணு எடத்துல ரெண்டு கண்ணாடி வில்லை மாதிரி. வெளில வந்து அப்பாவுக்கு அந்த போட்டோவைத்தான் மொத அனுப்பினேன். "சொன்னேன்ல"ன்னு ஒரே வார்த்தை பதில் வந்துச்சு.

அந்த தண்ணி முத்து பத்தி சொல்லணும், ஏன்னா இந்த மொத்தக் கதைலயும் எனக்கு ரொம்பப் புடிச்ச எடம் அதான். காத்து போனா காயும்னு நெனச்சுத்தான் வெண்ட் வெச்சாங்க. துணி காயப் போடற மாதிரி. ஆனா இந்த ஊர் ஜூலைல வெளில இருக்கற காத்தே ஈரத் துணி. அந்தக் காத்து வெண்ட் வழியா உள்ள வருது, உள்ள நிழல், மண்ணு ஜில்லுனு இருக்கு, டக்ட்டுக்குள்ள ஏசி காத்து 55 டிகிரி ஃபாரன்ஹீட்ல ஓடுது. ஐஸ் தண்ணி ஊத்தின சொம்பு வெளில வேர்க்குதுல்ல, அதே கதைதான். காய வைக்க தொறந்து வெச்ச ஜன்னல்தான் தண்ணியை உள்ள கொண்டு வருது. இதை ராலேல இருக்கற அட்வான்ஸ்டு எனர்ஜின்னு ஒரு அமைப்பு 2000-களோட ஆரம்பத்துல பிரின்ஸ்வில்ங்கற ஊர்ல 12 வீட்டை எடுத்து அளந்தே பாத்தாங்க. சில வீட்டுல வெண்ட்டை அப்படியே விட்டு, மத்ததுல வெண்ட்டை அடைச்சு, தரையையும் செவுத்தையும் மூடி சீல் பண்ணி. அடைச்ச வீடுங்க காஞ்சு கெடந்துச்சு, அதோட ஏசி ஹீட்டர் கரென்ட் செலவும் 15 சதவீதத்துக்கு மேல குறைஞ்சுது. பிரின்ஸ்வில்லுக்கு ஈரம்னா என்னன்னு யாரும் சொல்லித்தர வேண்டாம், விடுதலையான கறுப்பின மக்கள் உருவாக்கி 1885-லயே டவுனா பதிவான ஊரு, 1999-ல ஃப்ளாய்டு புயல்ல கூரை வரைக்கும் முங்கிச்சு. இப்போ நார்த் கரோலைனா கோட்ல வெண்ட் வெச்ச கிரால் ஸ்பேஸுக்கு ஒரு செக்‌ஷன், மூடின கிரால் ஸ்பேஸுக்கு தனியா ஒரு செக்‌ஷன். எது வேணுமோ எடுத்துக்கோ, ஆனா ரெண்டையும் கலக்காதன்னு சொல்றாங்க.

அதனால புது ரூமுக்கு அடில மூடினது, பழைய வீட்டுக்கு அடில வெண்ட் வெச்சது, நடுவுல பழைய பின்செவுரு. அந்த மூணு வெண்ட்டையும் பிளாக் வெச்சுப் பூசி அடைக்கணும், பழைய பக்கம் பிளாஸ்டிக் புதுசா விரிக்கணும். பிளானைத் திருத்தி அனுப்பினோம், பெர்மிட் வந்துச்சு. வந்த ஆறு மாசத்துக்குள்ள வேலை ஆரம்பிக்கலன்னா காலாவதி.

தோண்டறதுக்கு முன்னாடி 811-க்கு போன். இலவசம்தான், மூணு வேலை நாள் அவகாசம் குடுக்கணும், பூமிக்கு அடில என்னென்ன போகுதுன்னு அந்தந்த கம்பெனி ஆள் வந்து குறி போட்டுட்டு போவாங்க. கரென்ட்டுக்கு சிவப்பு, கேஸுக்கு மஞ்சள், கேபிளுக்கு ஆரஞ்சு, தண்ணிக்கு நீலம், சாக்கடைக்கு பச்சை. ஒரே வாரத்துல என் கொல்லைல எல்லா கட்சிக் கொடியும் பறந்துச்சு.

அஸ்திவாரத்துக்கு தோண்டற பள்ளத்துக்கு எங்க ஊர்ல வானம்னு பேரு. "வானம் தோண்டியாச்சா?"ன்னு அப்பா தெனமும் கேட்டாரு. தோண்டின அன்னிக்கு ராத்திரியே மேல இருக்கற வானம் பொத்துக்கிச்சு. காலைல ஒம்போது மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன், பத்தரைக்கு கான்கிரீட் லாரி. நானும் கான்ட்ராக்டர் ஆளுங்க ரெண்டு பேரும் ஆறு மணிலேந்து பம்ப் வெச்சு தண்ணியை எறைச்சோம். இன்ஸ்பெக்டர் வந்தாரு, அறுபது வயசு இருக்கும், தெற்கத்தி இழுவையோட பேச்சு, கைல ஒரு இரும்புக் கம்பி, மேல பிடி. வேற எந்தக் கருவியும் இல்ல. பள்ளத்துக்குள்ள எறங்கி பத்தடிக்கு ஒரு தடவை கம்பியைக் குத்தி மேல சாஞ்சாரு. மொத மூணு குத்துல கம்பி ஒரு இன்ச் கூட எறங்கல. நாலாவது, அந்த ஓடைப் பக்க மூலைல, வெண்ணைல கத்தி போற மாதிரி அரை அடி போச்சு. அவர் எதுவும் சொல்லல, கம்பியை அங்கயே நட்டு விட்டுட்டு மேல ஏறி என்னைப் பாத்தாரு. செம்மண்ணு காஞ்சா கல்லு, ஊறினா பிசைஞ்ச மாவு, அதுமேல கான்கிரீட் போட்டா அந்த மூலை மட்டும் ஒருநாள் உக்காரும், உக்காந்தா செவுத்துல ஏணிப்படி மாதிரி விரிசல் ஓடும்னு பொறுமையா சொன்னாரு. ஊறின மண்ணை வழிச்செடுத்துட்டு கெட்டித் தரை வர்ற வரைக்கும் போ, நாளைக்கு வரேன்னுட்டுப் போயிட்டாரு. லாரியைத் திருப்பி அனுப்பினதுக்கு தண்டம் கட்டினேன். அதைவிட, அந்த மொத கான்ட்ராக்டர்கிட்ட வேலையைக் குடுத்திருந்தா அந்த மூலைல கம்பி எறங்கினது யாருக்கும் தெரிஞ்சே இருக்காதுங்கறது தான் ரெண்டு நாள் மண்டைல ஓடிக்கிட்டே இருந்துச்சு.

செவுரு எழும்பினதுக்கப்புறம் அடுத்த இன்ஸ்பெக்‌ஷன், அதே மனுஷன். இந்தத் தடவை டார்ச் எடுத்துட்டு உள்ள பூந்து ஊர்ந்தாரு. பத்து நிமிஷம் கழிச்சு கைல ரெண்டு துண்டு மரக்கட்டை, ஒரு பர்கர் பொட்டலம், வேரோட ஒரு மரக்குச்சியோட வெளில வந்தாரு. இதையெல்லாம் பொறுக்கிட்டுக் கூப்பிடுன்னாரு. மண்ணுல மரத்துண்டு கெடந்தா கரையானுக்கு இலை போட்டு பந்தி வெச்ச மாதிரி, அங்கேந்து வீட்டுக்கு ஏறிடும். செவுத்துல ஒட்டற பிளாஸ்டிக்கும் இன்சுலேஷனும் மேல மரம் வரைக்கும் போகக்கூடாது, மூணு இன்ச் செவுரு வெறுமனே தெரியணும், கரையான் மண் கோடு போட்டு ஏறினா கண்ணுக்குப் படட்டும்னு. அப்பாகிட்ட இதை சொன்னப்போ, மொத தடவையா இந்த ஊர் ஆளுங்களைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொன்னாரு. "கரையானைத் தெரிஞ்சவன்தான் எழுதியிருக்கான்"னாரு.

எல்லா ரூலும் இப்படி இல்ல, அதையும் சொல்லணும். 25 அடி ஏன் 25 அடி, ஏன் 22 இல்லன்னு கேட்டா யாராலயும் பதில் சொல்ல முடியல. கோட்ல ஒவ்வொரு வரிக்குப் பின்னாடியும் எங்கயோ உளுத்துப்போன ஒரு கட்டை இருக்கு. செட்பேக் கோட்டுக்குப் பின்னாடி எனக்குத் தெரிஞ்சு இருக்கறது பழக்கம்தான். எங்க தெருவுல ஒருத்தர் மாமியாருக்காக இதே மாதிரி ரூம் போடப் பாத்து ஒரே ஒரு அடில மாட்டி, வேரியன்ஸ், அதாவது விதிவிலக்கு கேட்டு ஹியரிங் வரைக்கும் போய் கெடைக்காம விட்டுட்டாரு. அந்த ஒரு அடியால எந்த மீனும் சாகாது.

அப்பா அம்மா இந்த வருஷம் ஜூன்ல வந்தாங்க. வந்த மறுநாள் காலைல ஜெட்லாக்ல அஞ்சு மணிக்கே எழுந்து, லுங்கியை மடிச்சு கட்டிட்டு டார்ச்சோட கொல்லைக்குப் போயிட்டாரு. நான் காபியோட போனப்போ புது கிரால் ஸ்பேஸ் கதவைத் தொறந்து வெச்சு தலையை உள்ள விட்டிருந்தாரு. வெள்ளை பிளாஸ்டிக் தரையும் செவுருமா உள்ள ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும், ஒரு ஓரமா காத்துலேந்து ஈரத்தை எடுக்கற டீஹியூமிடிஃபையர் ஓடும், அதுலேந்து ஒரு சின்னக் குழாய் தண்ணியை வெளில கொண்டு விடும். ரொம்ப நேரம் மோந்து பாத்தாரு. "மண்ணு வாசனையே இல்லையேடா"ன்னாரு. பாராட்டா குறையான்னு தெரியல. அப்புறம் பழைய பக்கத்துக் கதவைத் தொறந்து மோந்துட்டு மூஞ்சியை சுளிச்சுக்கிட்டாரு.

ரெண்டு பக்கமும் உள்ள காத்துல ஈரம் எத்தனை சதவீதம்னு காட்டற மீட்டர் வெச்சிருக்கேன், அதோட டிஸ்ப்ளே சமையக்கட்டுல. இப்போ தெனம் காலைல காபி குடிச்சுட்டு அதைப் பாத்து பழைய டைரில தேதி போட்டு எழுதறது அப்பா வேலை. புதுசு 52, பழசு 81. புதுசு 51, பழசு 84. மழை பேஞ்ச மறுநாள் பழசு 90 தாண்டினா எழுந்து வந்து என்னை எழுப்பி சொல்றாரு. மன்னார்குடி சித்தப்பாவுக்கும் போன்ல அந்த நம்பர் போகுது, அவர் என்ன புரிஞ்சுக்கறாரோ.

போன வாரம் பழைய பக்கத்தையும் மூடிடலாம்னு முடிவு பண்ணேன். டீஹியூமிடிஃபையருக்கு தனி லைன் இழுக்கணும், எலக்ட்ரிகல் பெர்மிட் வேணும். லேப்டாப்ல ஃபாரத்தைத் தொறந்து வெச்சிருந்தேன், அப்பா பின்னாடி வந்து நின்னு கண்ணாடியை ஏத்திவிட்டுப் படிச்சாரு. "இதுக்கும் அந்தக் கம்பி வெச்சிருக்கற ஆளுதான் வருவாரா?"ன்னாரு. இல்லப்பா, எலக்ட்ரிகலுக்கு வேற ஆளுன்னேன். அவருக்கு கொஞ்சம் ஏமாத்தம்தான்.